பாதி மாத்திரையின் கணக்கு

மார்ச் 3, 2025, திங்கள்

தலைவலிக்குப் போடும் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வெறும் பாராசிட்டமால் என்றால் மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, ஓபியம் வகை வலிமருந்தான கோடீன் கலந்தது என்றால் 10 நாள். இப்படியே மூன்று மாதம் தாண்டினால் போதும். இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிய அட்டை ஒன்று, ஊரிலிருந்து பெட்டியில் வந்த அட்டை இன்னொன்று. பெயர் வேறு, உள்ளே அதே மருந்து. அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துக் கூட்டினால்தான் உண்மைக் கணக்கு வரும்.

மார்ச் 5, புதன்

கோடீனில் ஒரு பங்கைக் கல்லீரல் மார்ஃபினாக்குகிறது. வலியைத் தணிப்பது பெரும்பாலும் அதுதான். மூளைத்தண்டில் லோக்கஸ் செருலியஸ் என்றொரு சிறு நரம்புக் கொத்து. நம்மை விழிப்பாக வைக்கும் நார்அட்ரினலின் அங்கிருந்து கிளம்புகிறது. மார்ஃபின் அதை அமுக்கும். வாரக்கணக்கில் அமுக்கினால் அதுவும் எதிர்த்து முட்டப் பழகிவிடும். நிறுத்திய பிறகு அமுக்கும் கை இல்லை, முட்டல் மட்டும் மிச்சம்: கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு. சளிக்காய்ச்சல் என்று நினைத்து அதே கோடீன் இருமல் மருந்தைக் குடிப்பவர்களும் உண்டு!

மார்ச் 8, சனி

நோன்பு மாதம். விடியுமுன் சாப்பிடும் சஹரில் ஓர் அல்பிரசோலாம் (பதற்றம் தணிக்கும், தூக்க மாத்திரை வகை), நோன்பு திறந்தபின் ஒன்று என்று மாற்றிக்கொள்பவர்களுக்கு மாலையில் கை நடுங்கும், காரணமில்லாத பயம் வரும். பசி மயக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். இங்கே இடைவெளி 13 மணி நேரத்துக்கு மேல். மருந்தில் பாதி ஏறத்தாழ 11 மணி நேரத்திலேயே ரத்தத்தைவிட்டுப் போய்விடும். நேரத்தை மாற்றுமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனம்தான் மூளையின் பிரேக். தூக்க மாத்திரை அந்த பிரேக்கில் இன்னொரு காலையும் வைக்கிறது. மூளை சும்மா இருக்காது: காபா ஏற்பிகள் மந்தமாகும், உசுப்பிவிடும் குளூட்டமேட் வலுக்கும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். கோடீனை நிறுத்தினால் உடம்பு படாதபாடு படும். உயிர் போவது அபூர்வம். இந்த வித்தியாசம் தெரியாமல் அட்டையைக் குப்பையில் வீசச் சொல்லும் சொந்தக்காரர்களை முதலில் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

தூக்க மாத்திரையைக் குறைப்பது மருத்துவர் மேற்பார்வையில்தான்: 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம். இரவில் 10 மி.கி. டயஸிபாம் (அதே வகை மாத்திரை) என்றால் அடுத்த படி 9. அதாவது 5 மி.கி. ஒன்று, 2 மி.கி. இரண்டு. 5க்கு இறங்கியதும்தான் தொல்லை. அங்கே 1 மி.கி. என்பது 20 சதவீதம். 4.5 வேண்டுமென்றால் 2 மி.கி. இரண்டோடு இன்னொன்றில் கால் பங்கு. கத்தியால் நறுக்கினால் தூளாகும். மாத்திரை வெட்டியிலும் கால் பங்கு கோணலாகத்தான் வரும். பரவாயில்லை, டயஸிபாம் உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் இன்றைய கூடுதல் நாளைய குறைவில் சரியாகிவிடும். மெதுவாக வெளியாகும் வகையை மட்டும் வெட்டவே கூடாது, முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

மார்ச் 19, புதன்

கோடீனும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சுக்கு ஆபத்து. மது சேர்ந்தால் இன்னும் மோசம். களகளவென்ற குறட்டை, நீலம் பாய்ந்த உதடு, உலுக்கியும் எழாத ஆள் என்றால் உடனே 995 ஆம்புலன்ஸ். நலோக்ஸோன் என்ற மாற்று மருந்து கோடீனின் பிடியை விடுவிக்கும், தூக்க மாத்திரையைத் தொடாது. மாத்திரைப் பழக்கத்தை விடும் சிகிச்சைக்குப் புவாங்கோக் மனநலக் கழகத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. நிறுத்தியவர் வீட்டில் மிச்ச அட்டை இருக்கக்கூடாது. சில வாரம் விட்டிருந்தாலே தாங்கும் சக்தி இறங்கிவிடும். முன்பு வெறும் தூக்கம் தந்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்தலாம்.