429 கோடிக்குள் ஒளிந்திருந்த 641

இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் 4294967297 கிடைக்கும். அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இன்றைய கணினிக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்றாலும், பெரிய எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, மீண்டும் ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வந்துவிடும். இவ்வரிசையில் வருவன எல்லாமே பகா எண்கள்தாம் என்பது பிரெஞ்சுக் கணிதவியலர் ஃபெர்மாவின் நம்பிக்கை. 1640இல் கடிதங்களிலும் அப்படியே எழுதினார். ஆறாவதாக வருவது நம் எண். கணிதவியலர் கோல்ட்பாக் 1729இல் எழுதிய கடிதத்தால் இதன் பக்கம் திரும்பிய சுவிஸ் கணிதவியலர் ஆய்லர், 1732இல் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்ப்பதானால் 65536க்கு உட்பட்ட 6542 பகா எண்களையும் சோதிக்க நேரலாம். ஆனால் இதன் பகாக் காரணி எதுவானாலும் அதை 64ஆல் வகுத்தால் மீதி 1தான் வர வேண்டும் என்று நிறுவ முடியும். அந்தச் சல்லடையில் தேறும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவதிலேயே விடை வந்துவிடுகிறது.

விடை தெரிந்த பிறகு, வகுக்காமலேயே அதைச் சரிபார்க்கலாம். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16 என்றும் ஆகும். முதலாவதன்படி, 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது 641க்கு ஒன்று குறைவு). எனவே அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴க்குப் பதிலாக −2⁴ஐ வைக்கலாம். வைத்தால் −2³²க்கு மீதி 1 என்றாகிறது. அதாவது 2³² + 1ஐ 641 மீதியின்றி வகுக்கும்.

என்னைக் கேட்டால் இதைவிட அழகானது இன்னொன்று. 4ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். நம் எண்ணோ 65536² + 1² ஆகவும் இருக்கிறது, 62264² + 20449² ஆகவும் இருக்கிறது. காரணியையே தேடாமல், இது பகா எண் அன்று என்று சொல்ல இது போதும். (20449 என்பதே 143இன் வர்க்கம் என்பது உபரி வேடிக்கை.)

இதில் இரண்டைக் குறைத்தால் வரும் 4294967295, கணினியின் 32 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய முழு எண். அது 3 × 5 × 17 × 257 × 65537 என்ற பெருக்கலும்கூட. அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையத்தக்க ஒழுங்குப் பலகோணங்களில், பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பவற்றுள் இதுவரை அறியப்பட்ட மிகப் பெரியது, அத்தனை பக்கங்கள் கொண்டதே.