மேலே ஆச்சா, கீழே உண்ணி

ஒகேனக்கலுக்குப் பென்னாகரம் வழியாகப் போவதுதான் வழக்கம். எனக்கென்னவோ தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று சுற்றிப் போவதுதான் பிடிக்கும். இந்தக் கார்த்திகையில் பைக்கில் போனேன். கேழ்வரகு முற்றும் காலம், கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைகள் இறங்கியிருக்கும். அதனால் நன்றாக விடிந்த பிறகே கிளம்பினேன்.

அஞ்செட்டியில் டீ குடிக்கும்போது, மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "இந்தச் சரிவெல்லாம் மூங்கிலா இருந்துச்சு தம்பி. பூத்துச் செத்துப்போச்சு. திரும்ப முளைக்கும்னு பாத்தோம், உண்ணி முந்திக்கிச்சு."

உண்ணி என்று அவர் சொன்னது லந்தானா என்கிற முட்புதர்ச் செடியை. மூங்கில் ஆயுளில் ஒரே தடவைதான் பூக்கும். பெருமூங்கிலுக்கு அது 40 ஆண்டு வாக்கில் வரும். பூத்து, விதை கொட்டி, புதர் மொத்தமாகக் காய்ந்துவிடும். அதுவரை நிழலாக இருந்த தரையில் வெயில் விழும். யார் முதலில் எழுந்து நிற்பது என்ற பந்தயம் அங்கேதான் ஆரம்பம். மூங்கில் நாற்று புல் மாதிரி இருப்பதால் மாடும் மானும் மேய்ந்துவிடும். உண்ணிச்செடியின் இலை மாட்டுக்கு விஷம், அதில் வாய் வைக்காது. பழத்தைக் கொண்டைக்குருவி தின்று ஊரெங்கும் விதைக்கும். சரி, யார் ஜெயிப்பார்கள்?

உண்ணி தென்னமெரிக்கப் பக்கத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டு வந்தார்கள். அழகுதான், மறுக்கவில்லை.

அஞ்செட்டி தாண்டிச் சாலையோரம் வண்டியை நிறுத்தினேன். இந்தப் பக்கத்துக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டரை 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். அனுமதியில்லாமல் உள்ளே போகக் கூடாது, அதனால் ஓரத்திலேயே குந்தி ஒரு உண்ணிப் புதரை விலக்கினேன். மணிக்கட்டில் கீறல் விழுந்ததுதான் மிச்சம் என்று நினைத்தபோது, இருட்டுக்குள் ஒரு ஆச்சா மரக் கன்று தெரிந்தது. விரல் நீளம். இரண்டிரண்டு இலையாக, பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி. தாய் மரம் 30 அடி தள்ளி நெடுநெடுவென்று நிற்கிறது.

அண்ணாந்து பார்த்தால் ஆச்சாக் காடு. குனிந்து பார்த்தால் உண்ணிக் காடு. பெரிய மரங்கள் இன்னும் பல வருடம் நிற்கும், நாமும் காடு அப்படியே இருக்கிறது என்று படம் எடுத்துப் போடுவோம்.

ஆச்சாவும் லேசுப்பட்டதில்லை. முதலில் வேரைத்தான் ஆழமாக இறக்கும். கோடையில் மேலே காய்ந்தாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆனால் தீ வந்தால் காய்ந்த உண்ணி ஏணி மாதிரி நெருப்பை மேலே ஏற்றிவிடும். அப்புறம் அதுவே தூரிலிருந்து முதல் ஆளாகத் தழைக்கும்.

எல்லாப் பழியையும் வெளிநாட்டுச் செடிமேல் போடவும் எனக்கு மனமில்லை. விறகு வெட்டி மொட்டையான குன்றுகளில் படர்ந்திருக்கும் விராலி நம்மூர்ச் செடிதான், ஆடு தொடாததால் பிழைத்துக்கொண்டது. அரப்புக்கு இலை தரும் உசில், வெட்ட வெட்டத் துளிர்க்கும் சாமர்த்தியத்தால் நிற்கிறது. எது தங்கும் என்பதை அரிவாளும் ஆட்டு வாயும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

ஒகேனக்கலில் ஆற்றங்கரை நீர்மருது நிழலுக்கு வந்ததும் உண்ணி அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. அடர்ந்த நிழலில் அதற்கு வேலையில்லை. மீன் வறுக்கும் அக்காவின் அடுப்பில் மெல்லிய குச்சிகள் எரிந்தன. "என்ன விறகுக்கா?"

"உண்ணிதான். சும்மா கெடைக்குது." ஊதிக்கொண்டே சொன்னார், "ஆனா தணல் நிக்காதுப்பா. ஆச்சா விறகு மாதிரி வருமா?"