ஒன்ராறியோவில் டிராபிக் டிக்கெட்: கட்டுவதா, வழக்காடுவதா?

கார்க் கண்ணாடியை இறக்கி வாங்கிய தாளில் முதலில் கண்ணில் படுவது தொகைதான். நிறுத்தற் பலகையில் நிற்கவில்லை என்றால் 110 டொலர், சிவப்பு விளக்கைத் தாண்டினால் 325 டொலர். "நூறு டொலருக்காக வேலைக்கு லீவு போடுவதா?" என்று அன்றிரவே இணையத்தில் கட்டிவிடுகிறவர்கள் எங்கள் ஆட்களில் ஏராளம். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். அந்தப் பதிவை இன்சூரன்ஸ் கொம்பனி பொதுவாக மூன்று வருடம் பார்க்கும். ரொறன்ரோ, பிரம்ரன் பக்கம் கார் இன்சூரன்ஸ் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கும் விலை. டிக்கெட்டின் உண்மையான விலை அங்கேதான் வந்து நிற்கும்.

கையில் இருப்பது எந்த வகைத் தாள் என்று முதலில் பாருங்கள். சாதாரண வீதிக் குற்றங்களுக்குத் தருவது மாகாணக் குற்றங்கள் சட்டத்தின் முதலாம் பகுதியின் கீழ் வரும் அறிவித்தல். அதில் தொகை எழுதியிருக்கும். தொகை இல்லாமல், இன்ன தேதிக்கு நீதிமன்றத்துக்கு வா என்று மட்டும் இருந்தால் அது சம்மன், பெரும்பாலும் மூன்றாம் பகுதி. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது (முதல் தடவைக்கே குறைந்தபட்ச அபராதம் 5,000 டொலர்), எல்லைக்கு மேல் 50 கிலோமீட்டர் ஓடியது போன்றவை அப்படி வரும். அதைத் தனியாகக் கையாள நினைக்க வேண்டாம். பார்க்கிங் டிக்கெட் வேறு வழியில் போகிறது: ரொறன்ரோவில் 2017 ஓகஸ்ட் முதல் அதற்கு நீதிமன்றமே இல்லை, நகரசபையின் நிர்வாக விசாரணைதான். சிவப்பு விளக்குக் கமெரா அனுப்பும் தாள் வாகனச் சொந்தக்காரரின் பெயருக்கு வரும். யார் ஓட்டினார் என்று அதற்குத் தெரியாததால் சாரதிப் பதிவில் குற்றப் புள்ளி (டிமெரிட் பொயின்ற்) ஏறாது. கீழே சொல்வதெல்லாம் பொலிஸ்காரர் கையில் தந்த முதலாம் பகுதி டிக்கெட்டுக்கு.

அந்தத் தொகை மூன்று துண்டாலானது: அபராதம், 5 டொலர் நீதிமன்றச் செலவு, பாதிக்கப்பட்டோர் நிதிக்கான மேலதிகக் கட்டணம். வேகத்துக்கான அபராதம் ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு. எல்லைக்கு மேல் 19 வரை 2.50 டொலர், 20 முதல் 29 வரை 3.75, 30 முதல் 49 வரை 6 டொலர். 25 கிலோமீட்டர் கூட ஓடினால் 93.75, அதோடு 20, அதோடு 5, மொத்தம் 118.75. இது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்பவருக்கான விலை. விசாரணைக்குப் போய்த் தோற்றால் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் உள்ள விகிதம் வரும்: அதே அடுக்குகளுக்கு 3 டொலர், 4.50, 7 டொலர். அதே 25 கிலோமீட்டருக்கு 142.50 ஆகிவிடும். வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் தோற்றாலும் அதே காசுதானே என்று நினைத்துப் போகக் கூடாது. சமூகப் பாதுகாப்பு வலயம் என்ற பலகை உள்ள இடத்தில் வேக அபராதம் இரட்டிப்பு.

புள்ளிகளைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். 15 கிலோமீட்டர் வரை புள்ளி இல்லை, 16 முதல் 29 வரை 3, 30 முதல் 49 வரை 4. நிறுத்தற் பலகை, சிவப்பு விளக்கு, கையில் போன் மூன்றுக்கும் 3 புள்ளி. முழு ஜி லைசென்ஸ் உள்ளவருக்கு 15 புள்ளி சேர்ந்தால்தான் லைசென்ஸ் நிறுத்தம், குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்தில் புள்ளி கழியும். ஆகவே ஒரு டிக்கெட்டின் புள்ளியால் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் நடக்காது. இன்சூரன்ஸ் கொம்பனி புள்ளியை எண்ணுவதில்லை, தண்டனைப் பதிவை எண்ணுகிறது. புள்ளியே இல்லாத 10 கிலோமீட்டர் வேகமும் அங்கே ஒரு பதிவு. நாட்டுக்குப் புதிதாக வந்து ஜி2வில் (முழு ஜிக்கு முந்திய படி லைசென்ஸ்) ஓடுகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்கு 4 புள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட ஒரே குற்றத்துக்கே 30 நாள் லைசென்ஸ் நிறுத்தம் வரும். 30 கிலோமீட்டர் கூட ஓடிய டிக்கெட்டை ஒரு ஜி2 சாரதி யோசிக்காமல் கட்டினால், பின்னால் வரும் கடிதத்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரியும்.

முடிவெடுக்க 15 நாள். டிக்கெட்டின் பின்பக்கத்தில் வழிகள் இருக்கும்: கட்டுவது, வழக்குத்தொடுநரோடு முன்கூட்டியே பேசுவது (எங்கள் ஆட்கள் ஏர்லி ரெசொலூஷன் என்றே சொல்வார்கள்), விசாரணை கேட்பது. எதையும் செய்யாமல் விட்டால் நீங்கள் இல்லாமலே குற்றவாளி என்று பதிவு செய்து மேலதிகச் செலவும் சேர்ப்பார்கள். அதையும் கட்டாவிட்டால் லைசென்ஸ் நிறுத்தம் வரை போகும். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் அத்தாட்சியை வாங்கி வையுங்கள். மின்னஞ்சல் என்றால் அனுப்பிய பிரதி, தபால் என்றால் பதிவுத் தபால் சீட்டு. வீடு மாறினால் ஆறு நாளுக்குள் போக்குவரத்து அமைச்சுக்கு முகவரி மாற்றம் தெரிவிக்க வேண்டும், நீதிமன்ற அலுவலகத்துக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். ஒன்று மற்றதுக்குத் தானாகப் போகாது. பேஸ்மன்ற் வாடகையிலிருந்து பேஸ்மன்ற் வாடகைக்கு மாறும் முதல் வருடங்களில் விசாரணைத் தேதிக் கடிதம் பழைய வீட்டுப் பெட்டியில் கிடந்து பழுதாவது வழமை. அப்படிப் பதிவாகிவிட்டால், தெரிய வந்த 15 நாளுக்குள் சத்தியக்கூற்றோடு வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்கலாம். தன் தவறில்லாமல் அறிவித்தல் கிடைக்காமற் போனது என்று காட்ட வேண்டும்.

முன்கூட்டிப் பேசும் சந்திப்பு பெரும்பாலும் தொலைபேசியிலோ வீடியோவிலோ சில நிமிடங்களில் முடிந்துவிடும். 29 கிலோமீட்டரை 15 ஆக்குகிறேன் என்பார் வழக்குத்தொடுநர். 138.75 டொலர் 52.50 ஆகும், மூன்று புள்ளியும் போய்விடும். கேட்க இனிக்கும். ஆனால் ஒப்புக்கொண்டால் அதுவும் ஒரு தண்டனைப் பதிவுதான், இன்சூரன்ஸ் கண்ணில் பெரும்பாலும் அதே ஒரு சின்னக் குற்றம். பதிவு சுத்தமாக உள்ள ஜி சாரதிக்கு இந்தச் சலுகையில் லாபம் கொஞ்சம். 4 புள்ளியை 3 ஆக்க வேண்டிய ஜி2 சாரதிக்கு இது பொன். பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லி விசாரணை கேட்கலாம், அந்த உரிமை போகாது. பேசும்போது "ஓம், கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன்" என்று தொடங்காதீர்கள். உங்களிடம் என்ன சாட்சியம் இருக்கிறது, என்ன தருவீர்கள் என்று கேட்டால் போதும்.

விசாரணை கேட்கும் படிவத்தில் உரைபெயர்ப்பாளர் வேண்டுமா, எந்த மொழி என்று ஓர் இடம் இருக்கும். தமிழ் என்று எழுதுங்கள். செலவு இல்லை. கடையில், வேலையில் ஆங்கிலம் பேசுகிறவரும் எழுதலாம். சத்தியம் செய்து குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்வது வேறு வகை ஆங்கிலம். வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போய் மொழிபெயர்க்க வைக்க முடியாது.

விசாரணைத் தேதி வந்ததும் வழக்குத்தொடுநர் அலுவலகத்திடம் டிஸ்குளோஷர் கேட்க வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. அவர்கள் கையில் இருக்கும் ஆதாரத்தை முன்கூட்டியே பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்க வேண்டியவை: பொலிஸ்காரரின் குறிப்புகள், கையெழுத்து விளங்காவிட்டால் தட்டச்சுப் பிரதி, வேகம் என்றால் ரேடார் அல்லது லேசர் கருவியின் மாதிரிப் பெயரும் அதைச் சோதிக்கும் முறை உள்ள கையேட்டுப் பக்கங்களும், கார்க் கமெரா அல்லது உடற்கமெரா வீடியோ. எழுத்தில் கேளுங்கள், இரண்டு மூன்று கிழமையில் வராவிட்டால் திரும்பக் கேளுங்கள், எல்லாவற்றிலும் தேதி இருக்கட்டும். குறிப்பு கையில் வந்ததும் பாருங்கள்: கருவியை வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் சோதித்தாரா, எங்கே நின்றார், எந்தத் தடத்தில் வந்த கார் என்று எழுதினாரா, காரை இடையில் பார்வையிலிருந்து விட்டாரா, ஓட்டியவர் நீங்கள்தான் என்று எப்படி உறுதி செய்தார்.

உங்கள் பக்க ஆதாரத்தை அந்தக் கிழமையே சேர்க்க வேண்டும். மரக்கிளை மறைத்த பலகை இலையுதிர் காலத்தில் மொட்டையாகத் தெரியும். பனி மூடிய நிறுத்தக் கோடு ஏப்ரலில் பளிச்சென்று இருக்கும். அதே திசையில், சாரதி இருக்கையின் உயரத்தில் படம் எடுங்கள். டாஷ்கமெரா பழையதை அழித்துக்கொண்டே போகும், அன்றே கோப்பைப் பிரதி எடுக்காவிட்டால் போயிற்று.

பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் டிக்கெட் செல்லாது என்ற நம்பிக்கை எங்கள் சமூகத்தில் வேரோடியது. நீண்ட தமிழ்ப் பெயரைச் சரியாக எழுதிய பொலிஸ்காரர் குறைவு என்பதால் இது எல்லாருக்கும் ஆறுதல். நீங்கள் நீதிமன்றத்துக்குப் போனால் அங்கேயே அதைத் திருத்திவிடும் அதிகாரம் உண்டு. நீதிமன்றத்தில் உள்ளது மூலப் பிரதி, உங்கள் கையில் உள்ள பிரதியில் பிழை இருந்து அதில் இல்லாமலும் இருக்கலாம். "பொலிஸ் வரமாட்டான்" என்பது அடுத்த நம்பிக்கை. பெரும்பாலும் வருவார். வராவிட்டால் வழக்கைக் கைவிடலாம், வேறு தவணை கேட்கவும் செய்யலாம்.

வேக வழக்கில் இன்னொரு கண்ணி உண்டு. 78இல் வந்தவருக்கு இரக்கப்பட்டு பொலிஸ்காரர் 65 என்று எழுதித் தருவது வழமை. 50 வலயத்தில் அது 15 கிலோமீட்டர், புள்ளி இல்லை, 52.50 டொலர். விசாரணைக்குப் போனால், முன்னறிவித்தல் தந்து உண்மை வேகத்துக்கு ஏற்றும்படி வழக்குத்தொடுநர் கேட்கலாம். ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் வின்லோ வழக்கில் இதற்கு இடமுண்டு என்றது. ஏற்றினால் 28 கிலோமீட்டர், 3 புள்ளி, ஏறத்தாழ 156 டொலர். குறைத்து எழுதிய டிக்கெட்டை எதிர்க்க முன் குறிப்பை வாங்கிப் படியுங்கள்.

வேகம் முழுப் பொறுப்புக் குற்றம். மற்றக் கார்களோடு சேர்ந்து வந்தேன், பலகையைக் காணவில்லை, ஸ்பீடோமீற்றர் பிழை என்பதெல்லாம் வாதமாகாது. அந்த வேகத்தில் ஓடியது நிரூபிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. சிவப்பு விளக்கு, நிறுத்தற் பலகை போன்றவற்றில் நியாயமான கவனம் எடுத்தேன் என்று காட்ட இடமுண்டு. மஞ்சள் விழுந்தால் பத்திரமாக நிறுத்த முடிந்தால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். பின்னால் ஒட்டி வந்த லொறியும் வழுக்கும் பனியும் அங்கே எடுபடும். கையில் போன் என்றால் 615 டொலர் மட்டுமில்லை, முதல் தண்டனைக்கு 3 நாள் லைசென்ஸ் நிறுத்தமும் உண்டு, ஜி2வுக்கு 30 நாள்.

இலங்கையில் சமாதான நீதவான் என்றால் பத்திரப் பிரதிக்குக் கையெழுத்து வைப்பவர். இங்கே அதே பெயரில் உள்ளவர்தான் வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர். முதலில் பொலிஸ்காரர் சாட்சி சொல்வார். பிறகு நீங்கள் அவரிடம் கேள்வி கேட்கலாம். "நீ பொய் சொல்கிறாய்" என்று வாதாடத் தொடங்குகிறவரை நீதவான் நிறுத்துவார். "கருவியை எத்தனை மணிக்குச் சோதித்தீர்கள்?", "எனக்கு முன்னால் எத்தனை கார்?" என்பவை கேள்விகள். உங்கள் கதையைச் சொல்ல வேண்டுமானால் பிறகு நீங்களே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும், கட்டாயமில்லை. ஏறினால் வழக்குத்தொடுநரும் உங்களைக் கேட்பார்.

அங்கே தமிழருக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. "நீங்கள் நிறுத்தவில்லைத்தானே?" என்று கேட்டால் நாங்கள் "இல்லை, நிறுத்தினேன்" என்ற அர்த்தத்தில் வெறும் "இல்லை" சொல்வோம். ஆங்கிலத்தில் அந்த "நோ", "ஆம், நிறுத்தவில்லை" என்று பதிவாகும். எந்த எதிர்மறைக் கேள்விக்கும் ஓம், இல்லை என்று விடாமல் "நான் முழுதாக நிறுத்தினேன்" என்று வசனமாகச் சொல்லுங்கள். உரைபெயர்ப்பாளர் இருக்கும்போது சின்ன வசனமாகப் பேசுங்கள், பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள்.

குற்றச்சாட்டிலிருந்து விசாரணை முடிய 18 மாதத்துக்கு மேல் இழுத்தால், கனடா உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு ஜோர்டன் தீர்ப்பின்படி தாமதத்துக்காக வழக்கை நிறுத்தக் கேட்கலாம். நீங்கள் கேட்ட தவணைகள் கழியும். அன்று வாயால் சொன்னால் போதாது: அரசியலமைப்புக் கேள்வி அறிவித்தலை வழக்குத்தொடுநருக்கும், ஒன்ராறியோ, கனடா இரண்டின் சட்டமா அதிபர்களுக்கும் குறைந்தது 15 நாளுக்கு முன் அனுப்பியிருக்க வேண்டும்.

பராலீகல் (இப்படியான வழக்குகளில் ஆஜராக உரிமம் பெற்ற, வழக்கறிஞர் அல்லாதவர்) வைப்பதானால் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பட்டியலில் பெயர் உண்டா என்று பாருங்கள். 2007 முதல் உரிமம் இல்லாமல் காசுக்கு இதைச் செய்ய முடியாது. வெல்லாவிட்டால் காசு இல்லை என்பவரிடம் வெற்றி என்றால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். சிலருக்கு 29ஐ 15 ஆக்குவதும் வெற்றி.

தோற்றால் மேன்முறையீட்டுக்கு 30 நாள், பொதுவாக அபராதத்தை முதலில் கட்ட வேண்டும். வென்றாலும் தோற்றாலும், அடுத்த இன்சூரன்ஸ் புதுப்பிப்புக்கு ஒரு மாதம் முன்னர் உங்கள் மூன்று வருடச் சாரதிப் பதிவை சேர்விஸ் ஒன்ராறியோவில் எடுத்துப் பாருங்கள். கைவிடப்பட்ட வழக்கு அதில் இருக்கக் கூடாது. இருந்தால், நீதிமன்ற அலுவலகத்தில் வழக்கு முடிவின் சான்றுப் பிரதியை வாங்கிக்கொண்டு போய்த் திருத்தக் கேளுங்கள்.