ஆண்டுத் தேவை: ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன், ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கட்டுவதற்காக, சிப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்திடம் இலவச மாதிரி கேட்டுப் படிவம் நிரப்பினேன். பணிபுரியும் நிறுவனம் எது, எந்தக் கருவிக்காக, ஆண்டுக்கு எத்தனை தேவைப்படும், உற்பத்தி எப்போது தொடங்கும் என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் தர மாட்டார்கள் என்று எண்ணி, இல்லாத நிறுவனத்துக்கு ஒரு பெயர் சூட்டி, ஆண்டுத் தேவை 5,000 என்று எழுதிவிட்டேன். சிக்னலைப் பெருக்கும் சிப்களான ஆப்-ஆம்ப்கள் நான்கு வந்து சேர்ந்தன. அவற்றைத் தொடர்ந்து ஒரு விற்பனைப் பொறியாளரின் தொலைபேசி அழைப்பும் வந்தது. என் 'தயாரிப்பு' பற்றி அவர் அக்கறையோடு விசாரிக்க, நான் முதல் பொய்யைக் காப்பாற்ற மேலும் மூன்று பொய்களைச் சொன்னேன்.

அந்தப் படிவத்தின் கேள்விகள் வெறும் சடங்கு அல்ல என்பது அன்றுதான் உறைத்தது. ஒரு பொறியாளர் தம் சுற்றில் ஒரு சிப்பைப் பொருத்திவிட்டால், அந்தக் கருவி தயாராகும் காலம் முழுவதும் அதே சிப் ஆயிரக்கணக்கில் வாங்கப்படக்கூடும் என்ற எதிர்பார்ப்பில்தான் மாதிரிகளை இலவசமாகத் தருகிறார்கள். ஆகவே நாம் செலுத்தும் விலை பணமல்ல, சரியான தகவல். இப்போதெல்லாம் 'பொழுதுபோக்கு, ஒரே ஒரு கருவி' என்றே எழுதுகிறேன். சில வேளைகளில் தருகிறார்கள், சில வேளைகளில் மறுக்கிறார்கள். இரண்டுமே அவர்கள் உரிமை.

எதைக் கேட்பது என்பதிலும் நேர்மை உண்டு. என்ஈ555 டைமர், எல்எம்317 மின்னழுத்தச் சீராக்கி போன்று எங்கும் மலிவாகக் கிடைக்கும் சிப்களை மாதிரியாகக் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மாதிரிகளை விற்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் மிகப் பரவலான தவறு, இழுப்பறையை நிரப்புவதற்காகக் கேட்பது. ஒரே சிப் வெவ்வேறு வெளியுறைகளில் வரும். கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர் உள்ள டிஐபி உறை, சாலிடர் செய்யாமலே சுற்றை அமைத்துப் பார்க்க உதவும் பிரெட்போர்டில் அப்படியே அமரும். பிஜிஏ உறையிலோ இணைப்புகள் அனைத்தும் சிப்பின் அடியில் இருப்பதால் சாதாரண சாலிடரிங் அயர்ன் அங்கே எட்டவே எட்டாது. உறையின் வகையைக்கூடப் பார்க்காமல் வரவழைத்துவிட்டு, பிரிக்காத பையோடு பத்திரப்படுத்தியவர்களில் நானும் ஒருவன்.

உண்மையில், எத்தனை பேர் எடுத்தாலும் குறையாத இலவசங்கள் வேறு இருக்கின்றன. சிப்பின் விவரங்களைத் தரும் டேட்டாஷீட்டுகளையும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மாதிரிச் சுற்றுகளோடு விளக்கும் அப்ளிகேஷன் நோட்டுகளையும் எவர் வேண்டுமானாலும் படிக்கலாம். சிப் நிறுவனமான லீனியர் டெக்னாலஜி உருவாக்கிய, சுற்றுகளைக் கணினியிலேயே இயக்கிப் பார்க்கும் மென்பொருளான எல்டிஸ்பைஸ், 2017இல் அந்நிறுவனத்தை அனலாக் டிவைசஸ் வாங்கிய பின்னரும் இலவசமாகவே கிடைக்கிறது; சுற்றை முதலில் அதில் ஓட்டிப் பார்த்தால், கேட்க நினைத்த சிப் தேவையே இல்லை என்பதுகூடத் தெரிய வரலாம். இங்கும் ஒரு கடன் உண்டு: அப்ளிகேஷன் நோட்டிலிருந்து எடுத்த சுற்றுக்கு அதன் எண்ணைக் குறிப்பிடாமல் 'என் வடிவமைப்பு' என்று வெளியிடுவது, படிவத்தில் நான் எழுதிய 5,000க்குச் சற்றும் குறைந்ததல்ல.

அண்மையில் அனலாக் சிக்னலை டிஜிட்டலாக மாற்றும் 24 பிட் ஏடிசி சிப் ஒன்றைக் கேட்டபோது, தனிநபர்களுக்கு வழங்குவதில்லை என்று பதில் வந்தது. ஒன்றை விலை கொடுத்து வாங்கினேன். அந்தச் சிப்பைச் சோதித்துப் பார்க்க நிறுவனமே தயாரிக்கும் மதிப்பீட்டுப் பலகையின் சுற்று வரைபடம் அவர்கள் தளத்திலேயே இருந்தது. தரை (கிரவுண்ட்) இணைப்பை எங்கே சேர்ப்பது என்று நான் குழம்பிக்கொண்டிருந்த இடத்தை அது தெளிவாகக் காட்டியது.