மாரி மழையில் மேக்கப் பிரஷ் கழுவிக் காயவைப்பது

கல்லடியில் வீட்டிலிருந்தே மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் பாவித்த பிரஷ்களைக் கழுவிவிடுவேன், ஆனால் பெட்டியில் இருப்பது அத்தனையையும் வெளியே எடுத்து அடியோடு கழுவுவதற்கு மார்கழிதான் வசதி, ஏனென்றால் அந்த மாதம் கல்யாணம் இல்லை, தை பிறந்தால் மூச்சு விட நேரமும் இல்லை. ஆனால் மட்டக்களப்பில் மார்கழி என்றால் மழை. கழுவுவது லேசு, காயவைப்பதுதான் பாடு.

முதலில் பிரித்து வைக்க வேண்டும். பவுண்டேசன், கன்சீலர் பூசுகிற பிரஷ்கள் பெரும்பாலும் செயற்கை இழை. பவுடர் பிரஷ்களில் சில ஆட்டு முடி. நீண்ட நேரம் நிற்கிற பவுண்டேசன் வெறும் சம்பூவுக்கு அசையாது. உள்ளங்கையில் துளி தேங்காய் எண்ணெய் விட்டு, பிரஷ்ஷை அதில் சுழற்றி, டிசுவில் துடைத்தால் பழைய நிறம் குழம்பு குழம்பாக வரும், அதற்குப் பிறகுதான் சம்பூ. ஆட்டு முடிக்கு எண்ணெய் வேண்டாம், பேபி சம்பூவே போதும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் சவர்க்காரம் போட்டால் நுரை வராது, தண்ணீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைப் படலமாக முடியில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்த பிறகு முகத்தில் கரகரவென்று இருக்கும். அதனால் பைப் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிச் சம்பூவோடு பாவிக்கிறேன்.

கழுவும்போது பிரஷ்ஷின் தலை கீழே பார்த்தபடி இருக்கட்டும். முடியையும் பிடியையும் சேர்த்துப் பிடிக்கிற உலோகக் கழுத்துக்குள் பசை இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறினால் பசை விட்டு முடி கொட்டத் தொடங்கும், மரப் பிடியும் ஊதி வெடிக்கும். கோப்பைத் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது. அடர்ந்த பிரஷ்களில் நடுப்பகுதிதான் கடைசியாகச் சுத்தமாகும், வெளியே தெளிந்த தண்ணீர் வந்தாலும் நடுவை விரலால் அமத்திப் பாருங்கள், இன்னும் நிறம் வந்தால் மறுபடியும் சம்பூ.

சரி, காயவைக்கிற கதைக்கு வருவோம். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற ஆனி, ஆடியில் துவாயில் ஒற்றி, விரலால் வடிவம் பிடித்து, முடிப் பகுதி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கப் படுக்க வைத்தால் விடிவதற்குள் சின்னப் பிரஷ்கள் காய்ந்துவிடும். மாரியில் காற்றே ஈரம். பெரிய பவுடர் பிரஷ் வெளியே காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினால் பூஞ்சண வாடை அடிக்கும். அதனால் உடுப்புக் கொழுவியில் ரப்பர் பட்டியால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, மேசை ஃபானைக் குறைந்த வேகத்தில் விடுகிறேன். ஹெயார் டிரையரின் சூட்டுக்குச் செயற்கை இழை வளைந்துபோகும், பசையும் இளகும், அந்தப் பக்கமே போக வேண்டாம். காய்ந்ததா என்று கையால் தெரியாது. பிரஷ்ஷின் நடுவை விரித்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் ஈரம். குளிராத பிறகுதான் பெட்டிக்குள் போகும், சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பைகளையும் கூடவே போட்டுவைப்பேன்.

இவ்வளவும் எதற்கு என்றால், ஆரையம்பதியில் ஒரு பிள்ளை அலங்காரத்துக்கு இருந்தபோது, "அக்கா, இந்தப் பிரஷ் கழுவினதுதானே? எனக்கு லேசாப் பரு வரும்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். தயங்கவே தேவையில்லை, யாரிடமும் கேட்கலாம். பழைய மேக்கப்பும் முகத்து எண்ணெயும் தங்கிய பிரஷ்ஷில் பக்டீரியா பெருகும், பருவுள்ள தோலில் அது போய்ப் பட்டால் இன்னும் மோசமாகும். வீட்டில் சொந்த முகத்துக்கு மட்டும் பாவிக்கிறவர்களுக்கே 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம்.

கல்யாண வீட்டில் மணப்பெண், அம்மா, தங்கச்சி என்று ஒருவர் பின் ஒருவராக இருக்கும்போது கழுவிக் காயவைக்க முடியாது. அதற்கு ஆளுக்கு ஒரு செட் கொண்டுபோவதுதான் என் வழக்கம், போதாவிட்டால் 70 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் தெளித்துத் துடைத்து நன்றாக உலரவிட்டுப் பாவிப்பேன், வீட்டுக்கு வந்ததும் சம்பூக் கழுவல் கட்டாயம் உண்டு. கண்ணோய் உள்ளவருக்குப் பூசியதை அப்படித் துடைத்து அடுத்தவருக்குக் கொண்டுபோக மாட்டேன். பவுண்டேசன் பூசுகிற பஞ்சு மட்டும் ஆளுக்கு ஒன்று புதிதுதான், மாரியில் அதன் உள்ளீரத்தைக் காயவைக்க எனக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை, அதன் விலையைச் சேர்த்துத்தான் கட்டணம் சொல்கிறேன்.