லூசியும் மூன்று கேமராக்களும்

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியின் பழைய தொடர்களில் என்னை இன்றும் சிரிக்க வைப்பது, 1951 அக்டோபரில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’தான். மிட்டாய் ஆலையில் வேலைக்குச் சேரும் நாயகி லூசியும் அவள் தோழி எத்தலும், கன்வேயர் பெல்ட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சாக்லேட்டுகளை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணித்துக்கொள்ளும் காட்சி எனக்கு அலுத்ததே இல்லை.

நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பான காலம் அது. ஹாலிவுட்டை விட்டு நகர விரும்பாத, லூசியாக நடித்த லூசில் பாலும் அவர் கணவர் டெசி அர்னாஸும், பார்வையாளர்கள் முன்னிலையில் மூன்று கேமராக்களைக் கொண்டு 35 மி.மீ. படச்சுருளில் பதிவு செய்ய முடிவெடுத்து, கூடுதல் செலவுக்காகத் தம் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் படச்சுருள்களின் உரிமையைக் கேட்டு வாங்கினர். ஒருமுறை ஒளிபரப்பானதை மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிபிஎஸ் எண்ணியதோ என்னவோ, பிற்பாடு அதே உரிமையைப் பல லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்க நேர்ந்தது.