பன்னிரண்டு நாளில் பிரித்த ராட்டினம்

கோவை கணபதியில் பட்டறை வேலை பார்த்த காலத்தில், நொய்யல் தண்ணீர் பாயும் குளம் ஒன்றின் கரையில் மூடிக்கிடந்த பொழுதுபோக்குப் பூங்காவைப் பிரிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. குளத்தில் சாக்கடை கலந்து, ஆகாயத்தாமரை படர்ந்து, முதலில் படகுச் சவாரி நின்றுபோயிருக்கிறது. அப்புறம் கூட்டம். ராட்டினம், கொலம்பஸ் கப்பல் ஊஞ்சல், குட்டி ரயில் எல்லாவற்றையும் பழைய இரும்பு விலைக்குப் பேசி முடித்துவிட்டார்கள்.

ராட்டினப் பெட்டிகளை வரிசையாகக் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றினால், அடுத்ததாக அதற்கு நேர் எதிரே இருப்பதைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் கனமான பக்கம் தானாகக் கீழே இறங்கும். சக்கரத்தைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். பேரிங் துருப்பிடித்து இறுகிப்போச்சு, இனி எங்கே அசையப்போகுது என்று மேஸ்திரி இரண்டையுமே செய்யவில்லை. மூன்றாவது பெட்டி இறங்கியதும் சக்கரம் முனகிக்கொண்டு கால் வட்டம் சுற்றியது. எல்லோரும் சிதறி ஓடினோம்.

"ஏனுங்ணா, செத்துப்போச்சுன்னு சொன்னீங்க?" என்றான் ஹெல்பர் பையன். மேஸ்திரி பதில் பேசாமல் பீடி பற்றவைத்தார்.

அந்தப் பையன்தான் மதியச் சாப்பாட்டின்போது செல்போனில் ஒரு படம் காட்டினான். ராட்டினத்தின் கம்பிகளுக்கு நடுவே பெரிய மரம் ஒன்று வளர்ந்து நின்றது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துச் சிப்பவா ஏரிக்கரைப் பூங்கா. பிறகு தேடிப் படித்தேன். 1878இல் தொடங்கியது. ரயிலில் ஜனம் வந்து இறங்குமாம், ஏரியில் நீராவிப் படகு ஓடுமாம். 1898இல் பீச் என்கிற குடும்பத்தின் கைக்குப் போனது. மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர், நடன மண்டபம் என்று வளர்ந்தது. 1969இல் விற்றார்கள். வாங்கிய கம்பெனிக்கு அங்கே ரிசார்ட் கட்ட ஆசை, நடக்கவில்லை. அதே மாநிலத்தில் சீடர் பாயின்ட், ஜியாகா லேக் என்று பெரிய பூங்காக்கள் வேறு. நூறு சீசன் ஓடி, 1978இல் மூடினார்கள். (அந்த ஜியாகா லேக்கின் ரைடுகளும் 2007இல் நின்றுபோயின.)

மூடியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மூடிய பிறகு முப்பது வருஷம் அந்த இரும்பு அங்கேயே நின்றதே, அதைத்தான் நம்ப முடியவில்லை. 2002இல் நடன மண்டபம் எரிந்துபோனது, அப்போதும் ராட்டினம் நின்றது. நம்மூரில் முப்பது நாள் நிற்குமா? நாங்கள் போவதற்கு முன்பே மோட்டார் காயிலில் இருந்த செம்பை யாரோ உருவிவிட்டார்கள்.

அங்கே பிரிக்கக்கூட ஆள் வராத அலட்சியம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த அலட்சியத்தால்தானே, ஒரு நூற்றாண்டுக் கதையை எங்கோ உட்கார்ந்து ஒரு பையன் எனக்குக் காட்ட முடிந்தது? எங்கள் வேலை படு சுத்தம். பன்னிரண்டாம் நாள் கடைசி லோடு எடைமேடை ஏறியது. சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாசம் அந்தப் பக்கம் போனேன். கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ராட்டினம் நின்ற கான்கிரீட் மேடையில் நாலு போல்ட்டை மட்டும் அன்றைக்கு அறுக்காமல் விட்டிருந்தோம். அவசரத்தில் விட்டதுதான். தேடிப் பார்த்தேன். அதையும் யாரோ தரையோடு தரையாக அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள்.